வாசகர் கேள்விகள்: ஏழைக்கென்று தனிச் சாப்பாடா?

சென்ற இதழில் ஒரு வாசகர், "ஏழைகளுக்கு மலிவாகவும் சத்தாகவும் சாப்பாடு போடுவதை ஓர் ஆராய்ச்சியாகவே செய்தவர் யாராவது உண்டா?" என்று கேட்டிருந்தார். "உண்டு, ரம்ஃபோர்டு பிரபு, அவர் பெயரில் ஒரு சூப்பே இருக்கிறது" என்று ஒரே வரியில் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். விடுவீர்களா? வந்த கடிதங்களில் பாதி சோற்றைப் பற்றித்தான். அதனால் இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு.

யார் சார் அந்த ரம்ஃபோர்டு? பிரபுவுக்கும் ஏழைகளின் சூப்புக்கும் என்ன சம்பந்தம்?
— கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பரம்பரைப் பிரபு இல்லை. 1753-ல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த பெஞ்சமின் தாம்ப்சன்தான் இவர். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்து உளவு வேலையும் பார்த்ததால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போய், மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுக் கடல் கடந்து, லண்டன் வழியாகக் கடைசியில் இன்றைய ஜெர்மனியில் இருக்கும் பவேரியாவின் ஆட்சியாளரிடம் வேலைக்கு அமர்ந்தார். பிரபு பட்டமெல்லாம் அங்கே கிடைத்ததுதான். ஆளுக்கு அகம்பாவம் அதிகம், மூளை அதைவிட அதிகம்.

பவேரியாவின் தலைநகர் மியூனிக்கில் அப்போது சுமார் 60,000 பேர். பிச்சை எடுப்பவர்களின் கூட்டம் தாங்கவில்லை. தாம்ப்சன் என்ன செய்தார் தெரியுமா? புத்தாண்டன்று பிச்சை போடுவது அங்கே வழக்கம், அதனால் அன்றைக்குப் பிச்சை எடுக்கிற யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, 1790 ஜனவரி 1 அன்று பட்டாளத்தைத் தெருவில் இறக்கிவிட்டார். முதல் ஆளைத் தானே பிடித்தார். ஒரு வாரத்தில் 2,600 பேர். ஆனால் யாரையும் சிறையில் தள்ளவில்லை. பெயரை எழுதிக்கொண்டு, தொழிற்கூடத்துக்கு வாருங்கள், நூல் நூற்றால் கூலி உண்டு, மதியம் சாப்பாடு இலவசம் என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் நூற்றதும் நெய்ததும் பட்டாளத்துக்குச் சீருடையாகப் போயிற்று. தர்மமும் ஆயிற்று, பட்டாளத்துக்குத் துணியும் ஆயிற்று. மனிதர் எதையும் சும்மா செய்யமாட்டார்.

அந்த மதியச் சாப்பாடுதான் சூப். தோல் நீக்கிய பார்லி, காய்ந்த பட்டாணி, உப்பு, கொஞ்சம் வினிகர், காய்ந்த ரொட்டித் துண்டு, பிற்பாடு உருளைக்கிழங்கு. இறைச்சி கிடையாது. சின்னத் தீயில் 3 மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வேண்டும். வெப்பம் என்றால் என்ன என்று ஆராய்ந்த இயற்பியலாளர் என்பதால் (பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது உண்டாகும் சூட்டை வைத்து இவர் எழுதிய 1798-ம் ஆண்டுக் கட்டுரையை இன்றும் இயற்பியல் வகுப்பில் சொல்வார்கள்) தீ வெளியே வீணாகாதபடி செங்கல் கட்டி மூடிய அடுப்பை வடிவமைத்து, விறகுச் செலவை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். சூப்பைவிட அந்த அடுப்புதான் அவருடைய பெரிய சாதனை என்பேன்.

ஒரு இடத்தில் பலமாகச் சறுக்கினார். பார்லி தண்ணீரைக் குடித்துக் கெட்டியாவதைப் பார்த்து, தண்ணீரே சத்தாக மாறுகிறது என்று நம்பிவிட்டார். ஒருவருக்கு ஊற்றிய சூப் சுமார் 570 கிராம், அதில் திடமான பொருள் சுமார் 170 கிராம்தான். ஒரு வேளைக்கு ஏதோ தாங்கும். ஒரு முழு நாளுக்கு அதையே கொடுத்துவிட்டு, அறிவியல் சொல்கிறது போதும் என்று பிற்பாடு பல ஊர்களில் பல கனவான்கள் கைகழுவியதற்கு இந்தத் தண்ணீர்க் கணக்கு வசதியாகப் போயிற்று.

ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்கும். ரொட்டியை ஏன் ஊறவிடாமல் கடைசி நிமிடத்தில் போடச் சொன்னார் என்றால், மென்று தின்ன நேரமாகும், நேரமானால் ருசி நீளும், சாப்பிட்ட சந்தோஷம் கிடைக்கும் என்பதற்காக. ஏழைக்கும் நாக்கு உண்டு என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்களில்கூட குறைவு.

உருளைக்கிழங்கை ஐரோப்பாவில் ஏழைகள்கூடத் தொடமாட்டோம் என்றார்களாமே, நிஜமா?
— காய்கறிக் கடைக்காரர், மேட்டுப்பாளையம்

நிஜம். உங்கள் மண்டியில் இன்று கிழங்குக்கு இருக்கும் மரியாதை அப்போது இல்லை. மியூனிக்கில் ரம்ஃபோர்டு தனி அறையில் யாருக்கும் தெரியாமல் கிழங்கை வேகவைத்து, உருவமே தெரியாதபடி குழைத்து, சூப்பில் கலந்துவிட்டார். எல்லோரும் சூப் இப்போது நன்றாயிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் விஷயத்தை வெளியே விட்டார். பிரான்சில் பார்மான்ட்டியே என்ற மருந்தாளர், போர்க்கைதியாகப் பிரஷ்யர்களிடம் அகப்பட்டபோது கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தவர், ஊர் திரும்பியதும் அதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தார். கிழங்குத் தோட்டத்துக்குப் பகலில் காவல் போட்டு, ராத்திரியில் காவலை எடுத்து, ஜனங்களைத் திருடவைத்தே பரப்பினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான், ஆனால் பொருத்தமான கதை. இலவசமாகக் கொடுத்தால் சந்தேகம் வரும், பூட்டிவைத்தால் ஆசை வரும்.

அயர்லாந்துப் பஞ்சத்தில் ஒரு நட்சத்திர ஓட்டல் சமையல்காரர் போய் சூப் போட்டார் என்று படித்தேன். விளம்பரமா, சேவையா?
— வங்கி ஊழியர் (ஓய்வு), காரைக்குடி

இரண்டும். அலெக்சிஸ் சோயர் என்ற பிரெஞ்சுக்காரர், லண்டனில் பெரிய மனிதர்கள் கூடும் ரிஃபார்ம் கிளப்பின் தலைமைச் சமையல்காரர். 1847-ல் அரசாங்கம் கூப்பிட டப்ளினுக்குப் போனார். பெரிய மரக் கொட்டகை, நடுவில் 300 கேலன் கொப்பரை, சுற்றிலும் மேசைகளில் குழிபதித்த 100 கிண்ணங்கள், கிண்ணத்துக்கு ஒரு கரண்டி, கரண்டிக்கு ஒரு சங்கிலி. மணி அடித்தால் 100 பேர் உள்ளே வர வேண்டும், சில நிமிடங்களில் குடித்து முடித்துவிட்டு மறு வாசல் வழியாக வெளியே போக வேண்டும், கிண்ணத்தைத் துடைத்ததும் அடுத்த 100 பேர். திறப்பு விழாவுக்குச் சீமான்களும் சீமாட்டிகளும் 5 ஷில்லிங் கொடுத்து, ஏழைகள் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தார்கள். படிக்கும்போதே கை கூசுகிறது.

அவருடைய முதல் நம்பர் சூப்பின் செய்முறையைப் பாருங்கள்: சுமார் 9 லிட்டர் தண்ணீருக்கு மாட்டிறைச்சி கால் பவுண்டு, அதாவது 115 கிராம், அரை பவுண்டு மாவு, அரை பவுண்டு பார்லி, 2 வெங்காயம், கொஞ்சம் கொழுப்பு, உப்பு, துளி சர்க்கரை. இதை ஒரு தடவை குடித்து ஒரு பிஸ்கட்டும் தின்றால் திடகாத்திரமான ஆள் ஒரு நாள் தாங்கலாம் என்று சொல்லிவிட்டார். லண்டன் மருத்துவப் பத்திரிகையான லான்செட் கிழித்துப் போட்டது. கிழிக்க வேண்டியதுதான்.

ஆனால் இந்தச் சண்டையில் எல்லோரும் மறந்துபோகும் விஷயம் ஒன்று. அதே 1847 கோடையில் அயர்லாந்து முழுக்க அரசாங்கக் கஞ்சிக்கூடங்கள் நடந்தன. மக்காச்சோள மாவு, அரிசி, ஓட்ஸ் எல்லாம் போட்டுக் கிண்டிய, பெயர் சொல்லும்படியான சமையல்காரர் யாரும் இல்லாத, வெறும் கெட்டிக் கஞ்சி. ஜூலையில் ஒரு நாளைக்குச் சுமார் 30 லட்சம் பேர் அதைச் சாப்பிட்டார்கள். செலவும் கையைக் கடிக்கவில்லை. அப்புறம் என்ன ஆயிற்று? அறுவடை வரப்போகிறது, இனி உள்ளூர் வரிப்பணத்தில், ஏழைகளை வேலை வாங்கிச் சோறு போடும் விடுதிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இலையுதிர்காலத்துக்குள் இழுத்து மூடிவிட்டார்கள். பஞ்சம் மூடவில்லை. கஞ்சி தோற்கவில்லை, கஞ்சியை நிறுத்தியவர்கள்தான் தோற்றார்கள்.

எலும்பு சூப்பில் உள்ள சத்து வேறெதிலும் இல்லை என்று என் மாமியார் சொல்கிறார். சரியா?
— இல்லத்தரசி, திண்டுக்கல்

மாமியாரோடு மோதவிடாதீர்கள் அம்மா. ருசிக்கு எலும்பு சூப் அபாரம். சத்துக்கு? 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாரிஸில் டார்சே என்ற வேதியியலாளர் இதையேதான் நினைத்தார். கசாப்புக் கடையில் தூக்கி எறியும் எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்தால் மருத்துவமனை நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் காசில்லாமல் இறைச்சிச் சாறு கிடைத்த மாதிரி என்று இயந்திரமே பூட்டினார். குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். அறிவியல் அகாதெமி ஒரு குழு போட்டது, மாஜாந்தி என்ற உடலியலாளர் தலைமையில். அவர்கள் நாய்களுக்கு ஜெலட்டினை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அவை அதைத் தொடக்கூட மறுத்தன, மெலிந்தன, செத்தன. 1841-ல் அறிக்கை வந்தது: ஜெலட்டின் மட்டும் உயிரைக் காக்காது. ஜெலட்டினும் புரதம்தான், ஆனால் உடலுக்கு வேண்டிய அமினோ அமிலங்களில் ஒன்று அதில் அறவே இல்லை என்பதெல்லாம் பிற்காலத்தில் தெரிந்தது. ஆகவே சூப்போடு ஒரு முட்டையும் கொஞ்சம் சோறும் வைத்துக் கொடுங்கள், மாமியார் ஜெயித்த மாதிரியும் இருக்கும்.

எப்போதும் வெள்ளைக்காரன் கதையா? நம்மூர்க் கஞ்சித்தொட்டியைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விழுப்புரம்

ஒரு வரி என்ன ஐயா, பல வரி எழுதலாம். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்றால் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். 1782-ல் பஞ்சம் தாக்கியபோது அங்கே தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள்; கஞ்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் நோயாளிகள் என்பதால் பக்கத்திலேயே வைத்தியமும் வளர்ந்தது. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே சாதி கேட்பதில்லை, வேலை செய்தாயா என்று கேட்பதில்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை.

இதற்கு நேர் எதிரான கதை பத்தே ஆண்டில் வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிளை சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார், செலவைக் கட்டுப்படுத்து என்று. இந்த டெம்பிள் யார் என்பதுதான் வேடிக்கை. 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியை ஏராளமாக இறக்கி, தாராளமாகக் கொடுத்து, சாவை மிகக் குறைவாக நிறுத்திக் காட்டியவர் இவரே. பாராட்டு கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது 'ஊதாரி' என்ற ஏச்சு. சூடு கண்ட பூனை சென்னைக்கு வந்ததும், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும், பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு என்று கூலியைக் குறைத்தது.

ஒரு பவுண்டு என்றால் 450 கிராம், சுமார் 1,600 கலோரி. வெயிலில் நாள் முழுக்க மண் வெட்டுகிறவருக்கு இது போதுமா? போதாது, குறைந்தது ஒன்றரை பவுண்டு வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று சண்டை பிடித்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். அவரும் வெள்ளைக்காரர்தான் ஐயா, என்ன செய்வது. 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி இறங்கிவந்து ஒன்றேகால் பவுண்டு தானியமும் ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் என்று உயர்த்தியது. அந்த ஒன்றரை அவுன்ஸ் பருப்புக்காக, வெறும் 43 கிராமுக்காக, பக்கம் பக்கமாகக் கடிதம் போயிருக்கிறது. பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் 55 லட்சம் என்பது குறைத்துப் போட்ட கணக்கு. அந்தக் காலத்திலும் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம் அல்லவா, அதை வெட்டியவர்கள் இந்தப் பஞ்சத்து ஜனங்கள். கால்வாய்க்குப் பெயர் அப்போதைய கவர்னருடையது.

கம்பங்கூழ் ஏழை உணவு என்றார்கள். இப்போது மாலில் ஒரு டம்ளர் கூழ் என்ன விலை தெரியுமா?
— ஐ.டி. ஊழியர், சென்னை

தெரியும். அதனால்தான் தெருவோரத் தள்ளுவண்டியில் குடிக்கிறேன். மோர் மிளகாய் இலவசம்.

புழுங்கலரிசி ஏழைக்கு, பச்சரிசி பணக்காரனுக்கு என்று எங்கள் பாட்டி சொல்லும். உண்மையில் எது நல்லது?
— செவிலியர், நாகப்பட்டினம்

பாட்டி சொன்ன வரிசையைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். மலாயாவில் நடந்த ஒரு சோதனை இதற்குச் சாட்சி. அங்கே பெரிபெரி என்ற நோய் கூலியாட்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. கால் வீங்கி, நடக்க முடியாமல், இதயம் நின்று போகும். தீட்டிய வெள்ளையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு நிறைய வந்தது, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அநேகமாக வரவில்லை. 1905-ல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச்சொல்லி, ஒற்றைப்படைக்கு ஒரு அரிசி, இரட்டைப்படைக்கு மற்றது என்று பிரித்தார். சயாம் வெள்ளையரிசி சாப்பிட்டவர்களில் பலருக்கு நோய் வந்தது, பலர் இறந்தார்கள். இந்தியப் புழுங்கலரிசிப் பக்கம் புதிதாக யாருக்கும் வரவில்லை. தங்களைக் கேட்காமலே தங்கள் உடம்பில் சோதனை நடந்தது அந்த நோயாளிகளுக்குத் தெரியாது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.

காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து இதே பாதையில் போய் 1929-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நெல் அவித்த நம் பெண்களுக்கு யாரும் பரிசு தரவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பள்ளியில் மஞ்சள் மாவு உப்புமாவும் பால் பவுடரும் கொடுத்தார்கள். அது எங்கிருந்து வந்தது? ஏன் நின்றது?
— விவசாயி, அரியலூர்

காமராசர் 1956-ல் மாநிலம் தழுவிய மதிய உணவைத் தொடங்கினார் (சென்னை மாநகராட்சி 1920-களிலேயே ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கியிருந்தது, பிட்டி தியாகராயர் காலத்தில்). 1960-களில் கேர் என்ற தொண்டு அமைப்பு வழியாக அமெரிக்க உதவி வந்தது: சோளமாவு, உடைத்த கோதுமை, பால் பவுடர், எண்ணெய். அமெரிக்க விவசாயிகளிடம் விளைச்சல் மிஞ்சிக் கிடங்கு நிரம்பிவிட்டது, அதைக் கழிக்க 1954-லேயே ஒரு சட்டம் போட்டு ஏழை நாடுகளுக்கு அனுப்பினார்கள். தர்மம் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் மெனுவைத் தீர்மானித்தது உங்கள் வயிறல்ல, அவர்கள் கிடங்கு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கியபோது சோறும் சாம்பாரும் மைய இடத்துக்கு வந்தன, பிற்பாடு முட்டை சேர்ந்தது. பால் பவுடரை மறந்தாலும் அந்த முட்டையைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். திட்டம் நிலைத்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். ஒரு காரணம், அது வீட்டில் சாப்பிடும் அதே சாப்பாடு.

எல்லாச் சத்தும் அடங்கிய ஒரே மாவை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தால் பசிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
— பிளஸ் டூ மாணவன், நாமக்கல்

கண்டுபிடித்தார்கள் தம்பி, ஒரு தடவை இல்லை, பல தடவை. லாஸ் ஏஞ்சலஸில் கிளிஃபோர்டு கிளின்டன் என்று ஓர் உணவகக்காரர். கையில் இருப்பதைக் கொடுங்கள், இல்லாவிட்டாலும் சாப்பிடுங்கள் என்று கடை நடத்தியவர், அதிசய மனிதர். இரண்டாம் உலகப் போர் முடியும் சமயம் கால்டெக் என்ற கலிஃபோர்னியா அறிவியல் கல்வி நிறுவனத்தின் உயிர்வேதியியலாளர் ஹென்றி போர்சூக்கிடம் போய், யார் மதத்துக்கும் விரோதமில்லாத, கெட்டுப்போகாத, சில காசில் ஒரு வேளைச் சத்தும் தரும் பொருள் ஒன்று வேண்டும் என்று கேட்டார். எண்ணெய் எடுத்த சோயாவை முக்கியமாக வைத்து, வைட்டமின், தாது உப்பு, மசாலா சேர்த்து 'பல்நோக்கு உணவு' பிறந்தது. 2 அவுன்ஸ், 3 சென்ட். 1946-ல் அதற்காகவே ஓர் அமைப்பு தொடங்கிப் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். மைசூரில் நம் மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் அதன் இந்திய வடிவத்தைச் செய்தது, நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவு முக்கால் பங்கு, கடலைப்பருப்பு மாவு கால் பங்கு. குவாத்தமாலாவில் மக்காச்சோளமும் பருத்திவிதை மாவும் கலந்த இன்காபரீனா. இலங்கையில் 1973 முதல் திரிபோஷ என்ற சத்துமாவு, அது இன்னும் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் போகிறது.

இவ்வளவு மாவுக்கும் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது: ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குக் குறைவது புரதம், அதைப் பொடியாக்கிக் கொடுத்தால் சரியாகிவிடும். இதை மறுத்தவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்து ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்திய டாக்டர் சி. கோபாலன். சோறும் பருப்பும் சாப்பிடும் குழந்தைக்கு அந்தச் சோறும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தாலே புரதம் பெரும்பாலும் போதும், கிடைக்காததுதான் பிரச்சினை என்றார். எழுபதுகளில் உலகமும் மெல்ல அந்தப் பக்கம் வந்தது. பசித்தவனிடம் அரிசி வாங்கக் காசில்லை என்ற விஷயத்தைப் புரதப் பற்றாக்குறை என்று சொல்லிக்கொள்வது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். காசும் நிலமும் கூலியும் கேட்பதைவிட மாவு கேட்பது சுலபம் அல்லவா?

கேசரிப் பருப்பை ஏன் தடை செய்தார்கள்? மலிவாகக் கிடைத்ததே?
— மளிகைக் கடை உரிமையாளர், ஈரோடு

மலிவாகக் கிடைத்ததுதான் ஆபத்து. மழை பொய்த்து மற்ற எல்லாம் கருகினாலும் கேசரி காய்க்கும். அதனால் பஞ்சத்தில் அதை மட்டுமே மாதக்கணக்கில் தின்னும்படி ஆகிறது. அப்படித் தின்றால் அதிலுள்ள நஞ்சு கால்களை முடக்கிவிடும், திரும்ப வராது. மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் பண்ணையடிமைகளுக்குக் கூலியாகவே அதை அளந்தார்கள். 1961-ல் விற்பனைக்குத் தடை வந்தது. வேறு தானியத்தோடு எப்போதாவது கொஞ்சம் சேர்த்தால் ஒன்றுமாகாது என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. உங்கள் கடையில் துவரம்பருப்போடு அதைக் கலக்காமல் இருந்தால் சரி.

ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பிளம்பி நட் பாக்கெட்டும் நம் கடலை மிட்டாயும் ஒன்றுதானே? நம்மவர்கள் ஏன் காப்புரிமை வாங்கவில்லை?
— கடலை மிட்டாய்த் தயாரிப்பாளர், கோவில்பட்டி

உங்கள் ஊர் மிட்டாய் மேல் சத்தியமாக, ஒன்றில்லை. நிலக்கடலை விழுது, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், அதோடு கணக்காகச் சேர்த்த வைட்டமினும் தாது உப்பும் கொண்டது பிளம்பி நட். 92 கிராம், 500 கலோரி. 1996-ல் பிரான்சில் ஆந்திரே பிரியாந்த் என்ற குழந்தை மருத்துவர், லெஸ்கான் என்ற உணவுப் பொறியாளரோடு சேர்ந்து செய்தது. அதற்கு முன்னால் எலும்பும் தோலுமான குழந்தைகளுக்கு மருத்துவப் பால் பவுடர்தான். அதைக் கரைக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும், அதனால் குழந்தை வாரக்கணக்கில் முகாமில் கிடக்க வேண்டும், தாய் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டுக் கூடவே கிடக்க வேண்டும். விழுதுக்குத் தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம், பாக்கெட்டைக் கிழித்துக் குழந்தை தானே சப்பும். வீட்டிலேயே சிகிச்சை. 2005-ல் நைஜரில் பெரிய அளவில் பயன்பட்டு ஏராளமான குழந்தைகளைக் காப்பாற்றியது, 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஏற்றுக்கொண்டன.

இந்தப் பத்தி முழுக்க ஏழைக்கென்று தனியாகத் தயாரித்த சாப்பாட்டை நான் குறை சொல்லிக்கொண்டு வருவதைப் பார்த்து, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். இது சாப்பாடு இல்லை, மருந்து. சாகக் கிடக்கும் குழந்தைக்குச் சில வாரம் கொடுப்பது. அதையே எல்லாக் குழந்தைக்கும் எல்லா நாளும் என்று விற்க நினைத்தால்தான் சண்டை வரும். வந்தது. 2009-ல் யுனிசெஃப் பாக்கெட்டுகளை இந்திய அரசு வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணம். என் கருத்தில், மற்ற நாளைக்கு வேண்டாம் என்றது சரி. நோய் முற்றிய குழந்தைகளுக்கும் உடனடி மாற்று இல்லாமல் நிறுத்தியது சரியில்லை. காப்புரிமை விஷயத்தில், பிளம்பி நட்டைத் தயாரிக்கும் நியூட்ரிசெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பிடியைப் பலரும் கண்டித்திருக்கிறார்கள். நீங்கள் மிட்டாயைத் தொடருங்கள். பூஞ்சைபிடித்த கடலையை மட்டும் பொறுக்கித் தள்ளிவிடுங்கள், அதில் வரும் நஞ்சு கல்லீரலுக்கு ஆகாது.

அம்மா உணவகம் வெற்றியா, தோல்வியா? அரசியல் கலக்காமல் சொல்ல முடியுமா?
— ஆட்டோ ஓட்டுநர், மதுரை

முயல்கிறேன். 2013-ல் சென்னையில் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. நட்டம் வரும் என்று தெரிந்தே வைத்த விலை. அதில் எனக்குப் பிடித்தது விலைகூட இல்லை, காசு கொடுத்து டோக்கன் வாங்கும் ஏற்பாடு. யாரும் உங்கள் வருமானச் சான்றிதழைக் கேட்பதில்லை, கரண்டியில் சங்கிலி இல்லை, 5 ஷில்லிங் கொடுத்து வேடிக்கை பார்ப்பவரும் இல்லை. மூட்டை தூக்குபவரும் தேர்வுக்குப் படிக்கும் பட்டதாரியும் ஒரே மேசையில் நிற்கிறார்கள். சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்ற புகார் உண்மை, எல்லா இடத்திலும் எல்லா நாளும் அல்ல. தண்ணியான சாம்பாரைத் திட்டலாம். காசு கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு.

நண்பர்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் பேருந்து நிலையத்தில் 50 பேருக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். செலவு கைமீறாமல் சத்தாக என்ன கொடுக்கலாம்?
— இளைஞர் குழு, திருநெல்வேலி

சாம்பார் சாதம், கூட ஆளுக்கொரு அவித்த முட்டை. முட்டை வேண்டாம் என்பவருக்குச் சுண்டல். 50 பேருக்கு 6 கிலோ புழுங்கலரிசி, 2 கிலோ துவரம்பருப்பு, அப்போதைக்கு மலிவாக இருக்கும் காய் 5 கிலோ, பரங்கிக்காயும் முருங்கைக்கீரையும் கிடைத்தால் அதைவிட நல்லது. பருப்பு விலையேறினால் பருப்பைக் குறைக்காதீர்கள், அப்பளத்தை நிறுத்துங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம், ஒரே வேளை சாப்பிடுகிறவருக்கு எண்ணெய்தான் தெம்பு. பல் இல்லாத முதியவர்கள் நிறைய இருப்பார்கள், அவர்களுக்குக் குழைய வேகவைத்த சாதத்தைத் தனியாக எடுத்துவையுங்கள். பிளாஸ்டிக் பையில் சுடச்சுடக் கட்டாதீர்கள், வாழை இலையோ தட்டோ போதும். போட்டோ எடுப்பதாக இருந்தால் உங்கள் குழுவை அண்டாவோடு நிற்கவைத்து எடுங்கள், சாப்பிடுகிறவர்களை வேண்டாம். ஊறுகாய் கேட்பார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.